வாக்குறுதியிலிருந்து அரசிதழ் வரை: தகவல் அறியும் உரிமை கடந்து வந்த பாதை



தேர்தல் நெருங்கும் ஒவ்வொரு முறையும் நம் தெருக்களில் வாக்குறுதிகள் பெருகிவிடுகின்றன. சுவர்களிலும் துண்டறிக்கைகளிலும் மேடைகளிலும் அவை முழங்குகின்றன. தேர்தல் முடிந்ததும் சுவரெழுத்து வெளுத்துப்போவதைப் போல அவையும் வெளுத்துப்போகின்றன. "அரசியல்வாதியின் வாக்குத்தானே" என்று நாமும் ஒரு பெருமூச்சோடு அதனைக் கடந்துவிடுகிறோம். ஆனால், ஒரு வாக்குறுதி எந்த இடத்தில் நின்றுபோகிறது, யார் கையில் தங்கிவிடுகிறது, எந்தக் காகிதத்தில் எழுதப்படாமல் போகிறது என்பதை நம்மில் எத்தனை பேர் நின்று கவனித்திருக்கிறோம்?

மேடையில் சொல்லப்பட்ட சொல் சட்டமாவதற்கு நெடும் பாதை உண்டு. முதலில் அது மசோதாவாக எழுதப்பட வேண்டும். அவையில் நிறைவேற வேண்டும். குடியரசுத் தலைவரோ ஆளுநரோ ஒப்புதல் தர வேண்டும். அரசிதழில் வெளியாக வேண்டும். எந்த நாள் முதல் அது நடைமுறைக்கு வருகிறது என்று அறிவிக்கப்பட வேண்டும். அதன்பின் அதற்குரிய விதிகள் வகுக்கப்பட வேண்டும். இத்தனை படிகளில் எந்தப் படியிலும் வாக்குறுதி இடறி விழலாம். சில வேளைகளில் இடறி விழுமாறு செய்யப்படலாம்.

இதற்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைவிடத் தெளிவான சான்று நம் நாட்டில் இல்லை எனலாம். அரசின் கணக்கை மக்கள் கேட்கும் உரிமையைத் தருவதாகச் சொன்ன வாக்கே பலமுறை மீறப்பட்டது என்பதுதான் இவ்வரலாற்றின் விந்தை. எந்த ஒரு கட்சியையும் சாடுவது நமது நோக்கமன்று. இவ்வரலாற்றில் ஏறத்தாழ எல்லாத் தரப்பினரும் வாக்குக் கொடுத்தவர்களாகவும் வருகிறார்கள்; அதனைத் தாமதித்தவர்களாகவும் வருகிறார்கள்.

இரகசியத்தின் வேர்

அரசாங்கத்தின் ஆவணங்களைக் குடிமக்கள் பார்க்கலாம் என்று முதன்முதலில் சட்டம் இயற்றிய நாடு சுவீடன். ஆண்டு 1766. அந்த ஆண்டில் நம் நாட்டிலோ கிழக்கிந்தியக் கம்பெனி வங்காளத்தின் வரி வசூலிக்கும் உரிமையைப் பெற்று ஓராண்டுதான் ஆகியிருந்தது. குடிமக்களாக அல்லாமல் ஆளப்படுபவர்களாக மட்டுமே நாம் கருதப்பட்ட காலம் அப்போது தொடங்கிவிட்டது.

ஆளப்படுபவர்களுக்குக் கணக்குக் காட்டும் வழக்கம் எந்த வெளிநாட்டு ஆட்சிக்கும் இருந்ததில்லை. 1889இல் ஆங்கிலேய அரசு இந்தியாவுக்கென்று அலுவலக இரகசியச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. 1904இல் கர்சன் பிரபுவின் காலத்தில் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. 1923இல் அது முழுமையாகத் திருத்தி எழுதப்பட்டது. ஒற்றர்களைத் தடுப்பதற்கான சட்டம் என்றே அது பெயர் பெற்றது. எனினும், அதன் சொற்கள் மிக அகன்று இருந்தமையால், அலுவலகக் கோப்பு எதுவாயினும் அது இரகசியமே என்னும் மனப்பான்மை அதிகாரிகளிடையே வேரூன்றியது. 1947இல் ஆங்கிலேயர் சென்றனர். 1923ஆம் ஆண்டுச் சட்டம் செல்லவில்லை.

நீதிமன்றம்தான் முதலில் கதவைத் திறந்தது. 1975இல் உத்தரப் பிரதேச அரசுக்கும் ராஜ் நாராயணுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதி கே.கே. மாத்யூ, பொதுப் பணியாளர்கள் பொதுவெளியில் ஆற்றும் செயல்கள் அனைத்தையும் அறியும் உரிமை மக்களுக்கு உண்டு என்னும் கருத்தை நிலைநாட்டினார். 1981இல் எஸ்.பி. குப்தா வழக்கிலும் நீதிபதி பி.என். பகவதி, பேச்சுரிமைக்குள்ளேயே அறியும் உரிமை அடங்கியுள்ளது என விளக்கினார். ஆனால், தீர்ப்பில் உள்ள உரிமையை எந்த அலுவலகத்தில், எந்தப் படிவத்தில், எத்தனை நாளுக்குள் கேட்டுப் பெறுவது? அதற்கு ஒரு சட்டம் தேவைப்பட்டது.

நெருக்கடி நிலை நீங்கிய பின் 1977இல் ஆட்சிக்கு வந்த ஜனதா கட்சி, திறந்த மனமுடைய ஆட்சியைத் தருவதாகச் சொல்லியே மக்களிடம் வாக்குக் கேட்டது. அவ்வரசு இரகசியச் சட்டத்தை ஆராய ஒரு குழுவையும் அமைத்தது. அக்குழுவோ, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாற்றம் ஏதும் தேவையில்லை என்று கூறிவிட்டது. 1989இல் பிரதமரான வி.பி. சிங், தகவல் பெறும் உரிமையை மக்களுக்கு அளிப்போம் என்று அறிவித்தார். 1990 நவம்பரில் அவரது ஆட்சி கவிழ்ந்தது. அறிவிப்பு அறிவிப்பாகவே நின்றது. முதல் இரண்டு வாக்குறுதிகளின் கதை இது.

கூலிக் கணக்கிலிருந்து எழுந்த கேள்வி

தலைநகரில் மங்கிய குரல், ராஜஸ்தானத்தின் வறண்ட சிற்றூர்களில் மீண்டும் ஒலித்தது. சென்னையில் 1946இல் பிறந்த அருணா ராய், இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து, 1970களின் நடுவில் அப்பணியைத் துறந்தவர். அவர் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோருடன் 1987இல் தேவ்டுங்ரி என்னும் சிற்றூரில் மண் குடிசையில் குடியேறினார். 1990 மே 1ஆம் நாள் அப்பகுதி உழைப்பாளிகளும் சிறு விவசாயிகளும் ஒன்றுகூடி மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர்.

அவர்களுடைய முதல் கோரிக்கை மிக எளியது. வறட்சி நிவாரணப் பணிகளில் மண் வெட்டியவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி தரப்படவில்லை. ஏனென்று கேட்டால், "நீங்கள் வேலை செய்த அளவு இவ்வளவுதான், பதிவேட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறது" என்று பதில் வந்தது. அந்தப் பதிவேட்டைக் காட்டுங்கள் என்றால், அது அரசாங்க இரகசியம் என்று மறுக்கப்பட்டது. 'மஸ்டர் ரோல்' எனப்படும் வேலையாள் வருகைப் பதிவேடு, நாட்டின் பாதுகாப்புக்கு உரிய ஆவணம் போலப் பூட்டிவைக்கப்பட்டது!

நல்லெண்ணம் கொண்ட அதிகாரி எவரேனும் மனம் வைத்தால் மட்டுமே சில ஆவணங்கள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு 1994 டிசம்பரில் பாலி மாவட்டத்துக் கோட் கிரானாவில் முதல் மக்கள் விசாரணை நடத்தப்பட்டது. ஊர் மக்கள் கூடியிருக்கப் பதிவேட்டில் உள்ள பெயர்கள் ஒவ்வொன்றாக உரக்கப் படிக்கப்பட்டன. பெயருக்கு உரியவர் எழுந்து, தாம் அந்த வேலையைச் செய்தாரா, அந்தக் கூலியைப் பெற்றாரா என்று சொன்னார். இங்கும் பின்னர் பிற ஊர்களிலும் நடந்த இத்தகைய விசாரணைகளில், வேலைக்கே வராதவர்களின் பெயர்களும், இறந்துபோனவர்களின் பெயர்களும் கூலி பெற்றோர் பட்டியலில் இருந்தது வெளியாயிற்று. முடியாத கட்டடங்கள் முடிந்தனவாகக் கணக்கில் நின்றன. எழுத்தறியாத மக்கள், எழுதப்பட்ட காகிதம் ஒன்றின் வலிமையை அன்று கண்டுகொண்டனர்.

அவர்களுள் நான்காம் வகுப்பே படித்த ஒரு பெண்மணியிடம், உமக்கு ஏன் இந்தத் தகவல் உரிமை என்று பிற்காலத்தில் ஒருமுறை கேட்கப்பட்டது. மகனிடம் பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்பினால் திரும்பி வந்ததும் கணக்குக் கேட்கிறேன், என் பெயரைச் சொல்லி அரசு கோடி கோடியாகச் செலவிடுகிறது, அதற்குக் கணக்குக் கேட்கக் கூடாதா என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். 'எங்கள் பணம், எங்கள் கணக்கு' என்பதே அவ்வியக்கத்தின் முழக்கமாயிற்று.

ஒரு முதலமைச்சரின் வாக்கு

1995 ஏப்ரல் 5ஆம் நாள். ராஜஸ்தான் முதலமைச்சர் பைரோன் சிங் ஷெகாவத் சட்டமன்றத்தில் எழுந்து, ஊராட்சி அளவில் நடந்த வளர்ச்சிப் பணிகளின் ஆவணங்களைக் கட்டணம் செலுத்தி எந்தக் குடிமகனும் நகல் எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தார். நாட்டிலேயே இத்தகைய உரிமையைத் தரும் முதல் அரசு தமது அரசே என்றும் பெருமிதம் கொண்டார். செய்தித்தாள்கள் இதனை வெளியிட்டன. ஆவலோடு அலுவலகங்களுக்குச் சென்ற மக்களிடம் அதிகாரிகள் கூறிய மறுமொழி ஒன்றுதான்: எங்களுக்கு எழுத்து மூலமான ஆணை வரவில்லை.

சட்டமன்றத்தில் சொல்லப்பட்ட சொல்லைவிட, அலுவலக மேசைக்கு வராத ஆணையே வலிமை பெற்றுவிட்டது. ஓராண்டு முழுவதும் இவ்வாறே கழிந்தது.

1996 ஏப்ரல் 6ஆம் நாள், அன்றைய அஜ்மீர் மாவட்டத்தைச் சேர்ந்த பியாவர் நகரில் மக்கள் தர்ணாவில் அமர்ந்தனர். (அஜ்மீருக்குச் சென்று வந்த நம் ஊரார் பலர் இந்நகரின் பெயரைத் தொடர்வண்டி நிலையப் பலகையில் கண்டிருக்கக்கூடும்.) நாடாளுமன்றத் தேர்தல் நெருங்கிய நேரம் அது. அரசு அவசரமாக ஓர் ஆணையை வெளியிட்டது. அதன்படி ஆவணங்களைக் கட்டணம் செலுத்திப் பார்வையிடலாம். ஆனால், நகல் எடுக்க இயலாது. பார்ப்பதற்கும் நகல் பெறுவதற்கும் என்ன வேறுபாடு என்று நம்மில் சிலர் எண்ணலாம். நகல் இல்லையேல் சான்று இல்லை. சான்று இல்லையேல் வழக்கும் இல்லை, விசாரணையும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு "வந்து பார்த்துவிட்டுப் போ" என்று தரப்படும் உரிமையால் விளையும் பயன் யாது? எனவே அம்மக்கள் அந்த ஆணையை ஏற்க மறுத்தனர்.

நாற்பது நாட்கள் அவர்கள் அங்கு அமர்ந்திருந்தனர். சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து தானியம் வந்தது. நகரத்து வணிகர்களும் காய்கறியும் பொருளும் அளித்து ஆதரித்தனர். நாட்டின் பெரும் பத்திரிகையாளர்கள் நேரில் வந்து கண்டு எழுதினர். இறுதியில் 1996 மே மாத நடுவில், நகல் வழங்கும் முறையை ஆராய ஒரு குழு அமைக்கப்படும் என்று அரசு கூறியது. அந்தக் குழுவும் அறிக்கை தந்தது. ஆனால், மக்களுக்குத் தகவல் தருவது எப்படி என்று ஆராய்ந்த அந்த அறிக்கையே மக்களுக்குக் காட்டப்படாமல் இரகசியமாக வைக்கப்பட்டது!

1997 மே மாதம் தர்ணா தலைநகர் ஜெய்ப்பூருக்கு இடம் மாறியது. இம்முறை 53 நாட்கள். ஜூலை நடுவில் துணை முதலமைச்சர் ஹரிசங்கர் பாப்ரா வெளியிட்ட செய்தி அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. ஊராட்சி ஆவணங்களின் நகலைப் பெறும் உரிமை ஆறு மாதங்களுக்கு முன்பே விதிகளில் சேர்க்கப்பட்டு அரசிதழில் வெளியாகிவிட்டது என்றார் அவர்! கோடை வெயிலில் 53 நாட்கள் எதற்காக மக்கள் அமர்ந்திருந்தனரோ, அது முன்னரே அச்சாகி அரசு அலுவலகத்தில் கிடந்திருக்கிறது. போராடியவர்களுக்கு அது சொல்லப்படவில்லை.

இந்த ஒரு நிகழ்ச்சியில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. அவையில் சொல்லப்பட்ட வாக்கு, எழுத்தாகாத வரையில் அலுவலகத்தில் செல்லுபடியாகாது என்பது முதலாவது. எழுத்தான பின்பும், அது எழுதப்பட்டதை மக்கள் அறியாத வரையில் அவர்களுக்குப் பயன் தராது என்பது இரண்டாவது.

நாள் குறிக்கப்படாத சட்டம்

இதே 1997ஆம் ஆண்டில் நமது தமிழகம் ஒரு முதன்மையைப் பெற்றது. தகவல் பெறும் உரிமைக்கென்று தனிச்சட்டம் இயற்றிய முதல் மாநிலம் தமிழ்நாடே. எனினும், அச்சட்டத்தில் விதிவிலக்குகள் மிகுந்திருந்தமையால் மக்கள் அதனால் பெரும் பயன் அடையவில்லை. முன் வாசலைத் திறந்துவிட்டு உள்ளறைகள் அனைத்தையும் பூட்டிவைத்த வீடு போல அது அமைந்துவிட்டது. அதன்பின் கோவா, ராஜஸ்தான், கர்நாடகம், டெல்லி, மகாராஷ்டிரம் போன்ற இடங்களிலும் இத்தகைய சட்டங்கள் பிறந்தன.

மத்தியிலும் அசைவு ஏற்பட்டது. 1996இல் நீதிபதி பி.பி. சாவந்த் தலைமையிலான இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் ஒரு முன்வரைவைத் தயாரித்தது. 1997இல் எச்.டி. ஷோரி தலைமையிலான குழு மற்றொன்றைத் தந்தது. அதன் அடிப்படையில் 2000ஆம் ஆண்டில் வாஜ்பாய் அரசு தகவல் சுதந்திர மசோதாவை அறிமுகப்படுத்தியது. அது 2002 டிசம்பரில் இரு அவைகளிலும் நிறைவேறியது. 2003 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலையும் பெற்றது.

இனி என்ன குறை என்று கேட்கத் தோன்றும். அச்சட்டத்தின் முதல் பிரிவிலேயே ஒரு வாசகம் இருந்தது: மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கின்ற நாளில் இச்சட்டம் நடைமுறைக்கு வரும் என்பது அதன் கருத்து. அந்த நாள் ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் கையொப்பமிட்டார், ஆயினும் ஒரே ஒரு குடிமகன்கூட அச்சட்டத்தின்கீழ் ஒரு விண்ணப்பம் கொடுக்க முடியவில்லை. தகவல் தர மறுக்கும் அதிகாரிக்கு அதில் தண்டனையும் இல்லை. மேல்முறையீட்டை விசாரிக்கத் தனித்த ஆணையமும் இல்லை. நிக்காஹ் நடத்த நாள் குறிக்காமல் நிச்சயம் மட்டும் செய்து வைத்த குடும்பத்தின் நிலை அந்நாட்களில் நம் நாட்டினுடையது.

2005: எழுதப்பட்ட நாள்

2004இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி, தகவல் உரிமையை மேலும் பயனுள்ளதாக்குவோம் என்று தனது குறைந்தபட்சப் பொதுச் செயல்திட்டத்தில் எழுதியிருந்தது. தேசிய ஆலோசனைக் குழு ஒரு முன்வரைவையும் அனுப்பிவைத்தது. ஆயினும் 2004 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மசோதா, மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்தது. ஊராட்சியும் வட்டாட்சியர் அலுவலகமும் நியாய விலைக் கடையும் மாநில அரசின் கீழ் வருபவை. ஏழையின் அன்றாட வாழ்வு அங்கேதான் நடக்கிறது. அவற்றை விட்டுவிட்டால் சட்டத்தின் பெரும் பகுதி வெறும் ஓடாகிவிடும் என்று மக்கள் அமைப்புகள் வலியுறுத்தின. நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்ந்தது. நூற்றுக்கு மேற்பட்ட திருத்தங்கள் செய்யப்பட்டன.

2005 மே 11இல் மக்களவையிலும், மே 12இல் மாநிலங்களவையிலும் மசோதா நிறைவேறியது. இராமேசுவரம் தந்த குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜே. அப்துல் கலாம் ஜூன் 15இல் ஒப்புதல் அளித்தார். முந்தைய சட்டத்தின் தலைவிதியைக் கண்டவர்கள், இம்முறை நாளை அரசின் விருப்பத்துக்கு விட்டுவிடவில்லை. சட்டம் இயற்றப்பட்ட 120ஆம் நாளில் அது முழுமையாக நடைமுறைக்கு வரும் என்று சட்டத்திலேயே எழுதிவைத்தனர். அவ்வாறே 2005 அக்டோபர் 12இல் அது உயிர்பெற்றது. நாள் குறிக்கப்படாமல் கிடந்த 2002ஆம் ஆண்டுச் சட்டம், ஒருநாள்கூட வாழாமலேயே இச்சட்டத்தால் நீக்கப்பட்டது.

வரலாற்றின் ஒரு திருப்பத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1995இல் ராஜஸ்தான் சட்டமன்றத்தில் வாக்குக் கொடுத்த ஷெகாவத், 2002 ஆகஸ்டு முதல் குடியரசுத் துணைத் தலைவராகவும், அப்பதவியின் வழியே மாநிலங்களவைத் தலைவராகவும் இருந்தார். 2002ஆம் ஆண்டுச் சட்டமும் 2005ஆம் ஆண்டுச் சட்டமும் அந்த அவையில் நிறைவேறியது அவரது பதவிக்காலத்தில்தான். ஒரு வாக்கு முழுச் சட்டமாகப் பத்தாண்டுகள் ஆயின.

சட்டம் பிறந்த பின்பு

சட்டம் பிறந்துவிட்டால் வாக்கு காப்பாற்றப்பட்டுவிட்டது என்று எண்ணிவிடலாகாது. ஓராண்டு நிறைவதற்குள், 2006 ஜூலையில், கோப்புகளில் அதிகாரிகள் எழுதும் குறிப்புகளை மக்களுக்குக் காட்டாதிருக்கத் திருத்தம் கொண்டுவர மத்திய அமைச்சரவை முடிவு செய்தது. எதிர்ப்பு வலுக்கவே அது கைவிடப்பட்டது. 2008இல் தமிழக அரசு, பாதுகாப்பு மற்றும் உளவு அமைப்புகளுக்கென உள்ள விலக்குப் பிரிவைப் பயன்படுத்தி, ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்புத் துறையையே இச்சட்டத்தின் எல்லைக்கு வெளியே வைத்தது.

2013 ஜூனில் மத்திய தகவல் ஆணையம், ஆறு தேசியக் கட்சிகள் இச்சட்டத்திற்கு உட்பட்டவை என்று தீர்ப்பளித்தது. ஒளிவுமறைவற்ற ஆட்சி பற்றி மேடைதோறும் பேசிய கட்சிகள் அத்தீர்ப்பை நடைமுறைப்படுத்தவில்லை. கட்சிகளுக்கு விலக்களிக்கும் மசோதா ஒன்று அடுத்த இரண்டு மாதங்களுக்குள்ளேயே மக்களவையில் வைக்கப்பட்டது. அது நிறைவேறாமல் காலாவதியானது வேறு செய்தி. ஊருக்கு உபதேசம் செய்பவர் தம் வீட்டுக் கணக்கைக் காட்ட மறுத்த கதையாக இது முடிந்தது.

2014இல் இரண்டு நிகழ்ச்சிகள் நடந்தன. ஊழலை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, மே மாதத்தில் ஒப்புதலும் பெற்றது. பத்தாண்டுகள் கடந்த பின்பும் அது நடைமுறைக்கு வரும் நாள் அறிவிக்கப்படவில்லை. 2002ஆம் ஆண்டின் கதை மீண்டும் நடந்தது. மற்றொன்று, புதிய சட்டம் எதுவாயினும் அதன் முன்வரைவை, அது ஏன் தேவை என்னும் விளக்கத்தோடு, குறைந்தது 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு வகுத்த நெறிமுறை. நல்ல நெறிமுறைதான். ஆனால், அது சட்டமன்று, மீறினால் கேட்பாரில்லை. 2020இல் மூன்று வேளாண் சட்டங்கள் முதலில் அவசரச் சட்டங்களாகவே வந்தன. செப்டம்பரில் மாநிலங்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. ஓராண்டுக் காலம் விவசாயிகள் டெல்லி எல்லையில் அமர்ந்த பின், 2021 நவம்பரில் விவாதமின்றியே திரும்பப் பெறப்பட்டன. முன்கூட்டியே மக்களிடம் கேட்டிருந்தால் அந்த ஓராண்டுத் துயரத்தைத் தவிர்த்திருக்கலாம் அல்லவா?

அரசியல் நிதியில் ஒளிவுமறைவின்மையைக் கொண்டுவரப்போவதாக 2017ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் கூறி, தேர்தல் பத்திரங்கள் அறிவிக்கப்பட்டன. அதற்கான சட்டத் திருத்தங்கள் பண மசோதாவாகக் கொண்டுவரப்பட்டதால், அதில் மாநிலங்களவையின் சொல்லுக்கு இறுதி வலிமை இல்லாது போயிற்று. எந்த நிறுவனம் எந்தக் கட்சிக்குக் கொடுத்தது என்பதை வாக்காளர் அறிய வழியில்லாதவாறே அத்திட்டம் அமைந்திருந்தது. 2024 பிப்ரவரி 15இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, அது வாக்காளரின் அறியும் உரிமைக்கு மாறானது என்று அதனைச் செல்லாததாக்கினர்.

தகவல் உரிமைச் சட்டத்திற்கும் தளர்வுகள் நேர்ந்தன. 2019 ஜூலையில் செய்யப்பட்ட திருத்தம், தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் சட்டத்திலிருந்து எடுத்து மத்திய அரசின் கையில் கொடுத்தது. 2023இல் இயற்றப்பட்ட மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் தகவல் தொடர்பான விலக்குப் பிரிவை அகலப்படுத்தியது. முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனித்தகவலுக்கு மட்டுமே விலக்கு இருந்தது. திருத்தத்தின் சொற்களோ தனிநபர் தகவல் என்றாலே போதும் என்னும்படி உள்ளன. பொதுநலம் மேலோங்கும்போது தரலாம் என்னும் பொதுப்பிரிவு இன்னமும் இருக்கிறது; எனினும் அதனை நிறுவும் சுமை கேட்பவர் தோளில் ஏறுகிறது. கூலிப் பட்டியலில் உள்ள பெயர்களை உரக்கப் படித்துத்தான் கோட் கிரானாவில் உண்மை வெளிவந்தது என்பதை இங்கே நினைவுகூர்தல் தகும்.

நாம் செய்யத்தக்கது

இவ்வரலாற்றைப் படித்து மனம் சோர்ந்துவிடத் தேவையில்லை. இத்தனை தடைகளையும் கடந்து அச்சட்டம் இன்றும் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, வெள்ளைத் தாளில் தமிழிலேயே எழுதி, தமிழக அரசின் எந்த அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கும் நாம் விண்ணப்பிக்கலாம். ஏன் கேட்கிறீர் என்று காரணம் கேட்க அவருக்கு உரிமை இல்லை. 30 நாட்களுக்குள் விடை வர வேண்டும். உயிரோ சுதந்திரமோ தொடர்பானதாயின் 48 மணி நேரத்திற்குள் வர வேண்டும். வரவில்லையெனில் அதே துறையின் மேல் அலுவலரிடம் முதல் மேல்முறையீடும், அதன்பின் மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். காரணமின்றித் தாமதிக்கும் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது.

நம் பகுதியில் போடப்பட்ட சாலையின் மதிப்பீடு, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை விண்ணப்பம் நிற்கும் இடம், முதியோர் ஓய்வூதியம் மறுக்கப்பட்டதன் காரணம், பட்டா மாறுதலின் நிலை ஆகிய எல்லாம் கேட்கத்தக்கவையே. வக்ஃப் வாரியமும் சட்டத்தால் அமைக்கப்பட்ட அமைப்பாதலால், அதன் பதிவேடுகளும் இச்சட்டத்தின் எல்லைக்குள் அடங்குபவையே. நம் முன்னோர் அல்லாஹ்வுக்காக விட்டுச் சென்ற நிலங்களின் எல்லையும் பரப்பும் எந்த அரசிதழில், எவ்வாறு வெளியாகியுள்ளன என்பதை அறிந்து நகல் பெற்று வைத்திருப்பது நம் பொறுப்பாகும். நகல் உள்ள கைக்கும் நகல் இல்லாத கைக்கும் உள்ள வேறுபாட்டைப் பியாவர் மக்கள் நாற்பது நாள் அமர்ந்து நமக்குக் காட்டியிருக்கிறார்கள்.

தேர்தலில் நம்மிடம் வருவோரிடமும் நாம் கேட்கும் கேள்வி மாற வேண்டும். "இதைச் செய்வீர்களா?" என்று கேட்டால் "செய்வோம்" என்றே விடை வரும். அதற்கு மசோதா எப்போது வரும், முன்வரைவை எங்களுக்குக் காட்டுவீர்களா, நடைமுறைக்கு வரும் நாளைச் சட்டத்திலேயே எழுதுவீர்களா, தவறினால் தண்டனை உண்டா என்று கேட்போமாக. வாக்குறுதி எந்தப் படியில் இடறுகிறது என்று தெரிந்தவர்களை ஏமாற்றுவது எளிதன்று.

இறுதியாக ஒன்று. பிறரிடம் கணக்குக் கேட்பவர்கள் தம் கணக்கைத் திறந்து வைக்கவும் கடமைப்பட்டவர்கள். பொதுப்பணம் யார் கையில் இருந்தாலும் அது அமானிதமே; அரசின் கருவூலத்திற்கும் பள்ளிவாசல் உண்டியலுக்கும் இவ்விதியில் வேறுபாடில்லை. இந்த ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில் நமது ஜமாஅத்தின் வரவு செலவு அச்சிடப்பட்டுள்ளது. அப்பக்கங்களைப் புரட்டாமல் விட்டுவிட வேண்டாம் என்று உறுப்பினர் ஒவ்வொருவரையும் அன்போடு வேண்டுகிறோம். ஐயம் எழுமாயின் பொதுக்குழுவில் எழுந்து கேளுங்கள். கேட்பவரை முகம் சுளிக்காமல் வரவேற்கும் பழக்கத்தை நிர்வாகத்தில் இருப்போரும் கைக்கொள்வோமாக.